பெருமாளின் மேல்துணியைப் பிடித்தது யார்

அந்தக் கோயிலில் பெருமாளுக்கு ஒற்றைப் பாதுகைதான். வலது காலுக்கு மட்டும். மூலவரின் பீடத்திலேயே ஒரு வாசற்படி செதுக்கியிருக்கிறது. வலது கால் அந்தப் படியைத் தாண்டி வெளியே வந்துவிட்டது, இடது கால் உள்ளேயே நிற்கிறது. புறப்பட்ட பெருமாள் என்று பெயர். மாலையில் நடை சாத்தும்போது பட்டர் மரத்தாலான அந்தப் பாதுகையைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார். காலையில் வந்து, எல்லோரும் பார்க்கும்படி அதைத் திருப்பி, அடியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். வீட்டைவிட்டுப் போனவர் திரும்பி வரவேண்டும் என்று காத்திருப்பவர்கள் அந்தப் பாதுகையைத் தலையில் வைத்துக்கொண்டு மண்டபத்தை ஒருமுறை சுற்றி வருவார்கள்.

இந்தக் கதையையெல்லாம் சனிக்கிழமை காலைகளில் வருகிறவர்களுக்குச் சொல்லும் வேலையைப் பன்னிரண்டு வருஷமாக ஒரு பெண்மணி செய்துவந்தார். சம்பளமில்லாத வேலை. மற்ற நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருப்பார். பிரேமைச் சூடுகாட்டி வளைத்து, வந்தவர் காதில் மாட்டி, "குனிங்க, இப்ப நிமிருங்க, நழுவுதா?" என்று கேட்பார். கடையில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். கோயிலில் கதைக்காரம்மா. அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

அவர் சொல்லும் கதை இதுதான். முன்னொரு காலத்தில், இப்போது பஸ் போகிற சாலை இருக்கும் இடத்தில் ஒரு ஆறு ஓடியது. கரையில் ஒருத்தி தனியாக வாழ்ந்தாள். அவளுடைய கன்றுக்குட்டி ஒருநாள் காணாமல் போனது. சாயங்காலம் ஆனால் ஆற்றைப் பார்த்து, "வா, வந்துடு" என்று கூப்பிடுவாள். அந்தக் குரலைக் கேட்டுக்கேட்டு, தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று பெருமாளுக்குத் தோன்றிவிட்டது. புறப்பட்டார். ஒரு கால் படியைத் தாண்டியது. அதற்குள் தாயார் பின்னாலிருந்து அவருடைய மேல்துணியை எட்டிப் பிடித்தாள்.

இந்த இடத்தில் கதைக்காரம்மா நிறுத்திவிட்டு, சிலையின் இடதுபக்கம் கையைக் காட்டுவார். அங்கே மேல்துணி பின்னால் யாரோ இழுத்த மாதிரி ஒரு மடிப்பு விழுந்திருக்கும்.

"'எவளோ கூப்பிட்டா போயிடுவீங்களா? போனா திரும்பி வராதீங்க'ன்னு தாயார் சொன்னா. அவரால போகவும் முடியல, உள்ள வரவும் முடியல. அன்னைலேர்ந்து இப்படியே நிக்கறார்."

கூட்டத்தில் பெண்கள் சிரிப்பார்கள். ஆண்கள் தரையைப் பார்ப்பார்கள்.

அவருடைய தம்பி கல்யாணமாகி அதே கட்டடத்தில் மேல்மாடிக்குக் குடிவந்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தம்பி மனைவி முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஷிப்ட் முடிந்து வந்தால் மாடிப்படியில் ஏறும்போதே, "அண்ணி, தூங்கிட்டீங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போவாள். ஒரு வெள்ளிக்கிழமை கதைக்காரம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. அவரேதான் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: நாளைக்கு நீ போய் சும்மா ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வா.

அவள் போனாள். ரெண்டு வார்த்தையோடு நிறுத்தவில்லை.

அடுத்த சனிக்கிழமை கதைக்காரம்மா தன் வழக்கமான தூணருகே வந்து நின்றபோது, கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் கேட்டாள், "கன்னுக்குட்டிக் கதை சொல்றவங்க வரலையா?"

"எந்தக் கன்னுக்குட்டி?"

"துணியைக் கடிச்சு இழுத்த கன்னுக்குட்டி. போன வாரம் சொன்னாங்களே. எங்க மாமியார் கேக்கணும்னு வந்திருக்காங்க."

மாமியார் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கதைக்காரம்மா தன் கதையைச் சொன்னார். மாமியார் மரியாதையாகக் கேட்டார். முடிந்ததும், "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த 'உம்' அன்று முழுக்க கதைக்காரம்மாவின் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

வீட்டில் தம்பி மனைவியைக் கேட்டார். அவள் சிரித்தாள். "எங்க வார்டுல ஒரு தாத்தாவுக்குப் புண்ணுக்குக் கட்டு மாத்தும்போது வலிக்கும். வலி தெரியாம இருக்க இந்தக் கதையச் சொல்லுவேன். தாயார் சண்டை போட்டான்னு சொன்னா அவரு அழுவாரு அண்ணி. அவரு சம்சாரம் இப்பதான் தவறிட்டாங்க. அதான் கன்னுக்குட்டின்னு மாத்திட்டேன். பழக்கதோஷத்துல அங்கயும் அப்படியே வந்துடுச்சு."

"பெருமாள் கதைய மாத்தலாமா?"

"தப்பா அண்ணி? இனிமே சொல்லல."

ஆனால் சொல்லும்படி ஆட்கள் கேட்டார்கள். கோயில் நிர்வாகி கேட்டார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவள் வரட்டும், உங்களுக்கும் ஓய்வாக இருக்கும் என்றார். ஒன்று இரண்டானது. அவள் முறை வரும் நாட்களில் கதைக்காரம்மா கோயிலுக்குப் போகமாட்டேன் என்று வீட்டிலேயே இருப்பார். பிறகு பத்தரை மணிக்குக் கால் தானாகச் செருப்பை மாட்டிக்கொள்ளும். மண்டபத்துக்குள் நுழையாமல், வெளிப் பிராகாரத்தில் கம்பிக் கதவு வழியாகத் தலைகளை எண்ணுவார். ஐம்பத்திரண்டு. தனக்கு அதிகபட்சம் வந்தது முப்பத்தெட்டு. மழை நாளில் அவளுக்கு நாற்பத்தொன்று வந்தது. அவள் என்ன சொல்கிறாள் என்று அங்கிருந்து கேட்காது, சிரிப்புச் சத்தம் மட்டும் வரும். கூட்டத்தில் ஆண்களும் சிரித்தார்கள்.

அவள் குரல் தன் குரலைவிட இனிமை என்று யாராவது சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அது இனிமையான குரலே இல்லை. கரகரவென்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆளைக் கூப்பிடுகிற குரல். அதுதான் இன்னும் பொறுக்கவில்லை. கண்ணாடிக் கடையில் ஒரு வாடிக்கையாளர் காதுக்குப் பின்னால் பிரேமை அழுத்திவிட்டு, வலியில் அவர் கத்தியதும்தான் கதைக்காரம்மாவுக்குக் கடையில் இருப்பது நினைவு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கோயிலில் ஒலி வழிகாட்டி வைக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. வாசலில் ஒரு கருவியும் ஹெட்போனும் கொடுப்பார்கள். ஒவ்வொரு சந்நிதி முன்னாலும் ஒரு எண் இருக்கும். எண்ணை அழுத்தினால் கதை காதில் கேட்கும். யாருடைய குரலில் பதிவது என்பதில் கதைக்காரம்மாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பன்னிரண்டு வருஷம். ஆனால் கோயில் குழு இருவரையும் அழைத்து ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசச்சொன்னது. மறுநாள் நிர்வாகி கடைக்கே வந்து, புதுக் கண்ணாடி பார்ப்பவர் போல நான்கு பிரேமை மாட்டிக் கழற்றிவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க குரல்ல கொஞ்சம் கோபம் இருக்கு. காதுக்குள்ளயே கேக்கும்போது யாரோ நம்மளத் திட்டற மாதிரி இருக்குன்னு குழுவுல சொல்றாங்க."

"கோபம் என்னோடது இல்ல, தாயாரோடது. கதை அப்படி. அவ சொல்றது அவளா கட்டினது, அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா?"

நிர்வாகி கண்ணாடியைக் கழற்றித் தட்டில் வைத்தார். "தல வரலாறுன்னு நம்மகிட்ட இருக்கறது ஒரு பழைய கல்வெட்டு நகல். அதுல ரெண்டே வரி. ஒருத்தி அழைத்தாள், பெருமாள் புறப்பட்டார். கன்னுக்குட்டியும் இல்ல, தாயார் சண்டையும் இல்ல. அந்த மடிப்பு கல்லுல இருந்த விரிசலை மறைக்கச் சிற்பி செஞ்சதுன்னு பட்டர் சொல்வார். உங்களுக்கு முன்னாடி சொன்ன பெரியவர் அந்த மடிப்பப் பத்திப் பேசினதே கிடையாது."

கதைக்காரம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. அவருக்கு அது தெரியாத விஷயமில்லை. தெரிந்ததை அவர் பன்னிரண்டு வருஷம் நினைக்காமல் இருந்தார், அவ்வளவுதான். அவர் கதை சொல்ல வந்த வருஷம், அவருடைய கணவர் வேறொரு ஊரில் அச்சகத்தில் வேலையாக இருந்தார். அங்கே ஒருத்தி இருந்தாள். கோயிலில் ஒருநாள் கதை சொல்லும்போது அந்த மடிப்பைப் பார்த்ததும் வாயில் அந்த வசனம் வந்துவிட்டது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்துக் கணவர் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தார். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

ஒலிப்பதிவு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு என்று முடிவாகியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நிர்வாகி கதைக்காரம்மாவைப் போனில் கூப்பிட்டார்.

"உங்க தம்பி சம்சாரத்துக்குப் போன் போகலம்மா, டூட்டில இருக்காங்க போல. நாளைக்குப் பதினொரு மணி இல்ல, ஏழு மணிக்கு. பக்கத்துல ரோடு தோண்டறாங்க. எட்டரைக்கு மெஷின் ஓட ஆரம்பிச்சா ஒண்ணும் பதிய முடியாது. நீங்க அவங்ககிட்டச் சொல்லிடறீங்களா?"

"சொல்லிடறேன்" என்றார். அப்போது சொல்லத்தான் நினைத்தார்.

ஆறு மணிக்கு அவளே கீழே வந்தாள், இஸ்திரிப் பெட்டி கேட்டு. "நாளைக்கு எந்தப் புடவை கட்டறது அண்ணி? பச்சையா, அந்தக் காப்பிக்கொட்டைக் கலரா?"

"குரலத்தானே பதியறாங்க. எதைக் கட்டினா என்ன."

"அதுவும் சரிதான்" என்று சிரித்தாள். இஸ்திரிப் பெட்டியை வாங்கிக்கொண்டு படியேறினாள். கதைக்காரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, அவள் மேலே போய்த் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கும்வரை நின்றார். பதினான்கு படிகள். எந்தப் படியில் கூப்பிட்டிருந்தாலும் அவள் திரும்பியிருப்பாள்.

காலையில் ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் கோயில் அலுவலக அறையில் இருந்தார். ஜன்னல்களுக்குப் போர்வை தொங்கவிட்டிருந்தார்கள். ஒலிப்பதிவுக்காரர் சளி பிடித்த மனிதர், வாயில் மாத்திரை ஒன்றைச் சப்பிக்கொண்டே கம்பிகளைச் செருகிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு உடம்பு முடியல. என்னைச் சொல்லச் சொல்லி அனுப்பினா" என்றார் கதைக்காரம்மா.

நிர்வாகி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, உக்காருங்கம்மா."

பதிவு நன்றாகவே போனது. கோபம் தெரியக்கூடாது என்று குரலைத் தாழ்த்திப் பேசினார். தாயாரின் வசனம் வந்தபோது மட்டும் ஒலிப்பதிவுக்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார். "குரல் நடுங்குதும்மா. இன்னொரு தடவ." இன்னொரு தடவை சொன்னார். அதற்கும் கை உயர்ந்தது. நான்காவது தடவை, கடையில் விலைப்பட்டியல் படிப்பதுபோலச் சொல்லி முடித்தார். எட்டு மணி இருபது நிமிஷத்துக்கு எல்லாம் முடிந்தது.

தம்பி மனைவி பதினொரு மணிக்குக் காப்பிக்கொட்டை நிறப் புடவையில் கோயிலுக்குப் போனாள். அலுவலகம் பூட்டியிருந்தது. தெருவில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காவலாளி சொன்னார், "காலையிலயே முடிஞ்சுடுச்சேம்மா. உங்க நாத்தனார் வந்து பேசிட்டுப் போனாங்களே. உங்களுக்கு உடம்பு சரியில்லன்னாங்க, இப்ப தேவலையா?"

அவள் நேராகக் கதைக்காரம்மாவின் வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வரவில்லை.

"எனக்கு என்ன உடம்புக்கு அண்ணி?"

கதைக்காரம்மா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "'எனக்கு வேணும்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அவங்ககிட்டப் போய்ச் சொல்லியிருப்பேன். நீங்க எடுத்துக்கிட்டீங்க."

சாயங்காலம் தம்பி வந்தான். சின்ன வயதிலிருந்து அக்காவிடம் எதிர்த்துப் பேசாதவன். இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து நாற்காலிமேல் வைத்தான். "அவ அழல அக்கா. அழுதிருந்தாப் பரவாயில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அதன்பிறகு மாடிப்படியில் அவள் ஏறும்போது செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஒலி வழிகாட்டி வந்தது. ஆட்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சந்நிதி சந்நிதியாக நகர்ந்தார்கள். சனிக்கிழமை கதைக்காரம்மா தூணருகே நின்றபோது ஏழு பேர்தான் நின்றார்கள். மற்றவர்கள் அவரைக் கடந்து போனார்கள், அவருடைய குரலைக் காதில் கேட்டபடி. ஒருவர் ஹெட்போனைச் சற்று விலக்கி, "நீங்க பேசறது இடைஞ்சலா இருக்கு, கொஞ்சம் மெதுவாப் பேசறீங்களா?" என்றார். தம்பி மனைவியின் சனிக்கிழமைகளில் மட்டும் கூட்டம் குறையவில்லை. கருவியில் கன்றுக்குட்டி இல்லையே. அது வேண்டுமென்றால் அவளிடம்தான் வரவேண்டும். கதைக்காரம்மா கம்பிக் கதவு வழியாக எண்ணினார். அறுபத்துநான்கு. திருடி வாங்கிய இடமும் அவளுக்கே லாபமாகப் போனதை நினைக்க நினைக்க அவருக்கு ஆறவில்லை.

அவருடைய கணவர் கோயிலுக்கு அதிகம் வருகிறவரில்லை. மனைவி கதை சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. பழைய மின்விசிறிகளைப் பிரித்து மாட்டிக்கொண்டு வீட்டோடு இருப்பவர். ஒரு செவ்வாய்க்கிழமை, கோயில் மின்விசிறி ஒன்றைப் பார்க்க வரச்சொல்லியிருந்தார்கள். வேலை முடிந்து கை கழுவியவரிடம், "உங்க வீட்டம்மா குரலக் கேளுங்க" என்று யாரோ ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். அன்று கடை விடுமுறை என்பதால் கதைக்காரம்மாவும் அங்கே இருந்தார். கணவர் பெருமாளுக்கு எதிரே கையில் ஸ்குரூ டிரைவரோடு நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தார். தடுக்கவேண்டும் என்று தோன்றியது. கால் வரவில்லை.

கணவர் முழுக்கக் கேட்டார். கழற்றி, கம்பியைச் சுற்றி, பெட்டியில் வைத்தார். வீடு திரும்பும் வழியில், சிக்னலில் நிற்கும்போது சொன்னார்.

"அதுல வர்ற பெருமாள் நான் இல்ல."

கதைக்காரம்மா சிவப்பு விளக்கையே பார்த்தார்.

"அவரு யாரோ கூப்பிட்டாங்கன்னு போனாரு. நான் யாரும் கூப்பிடாமலேயே போனேன்." விளக்கு மாறியது. அவர் நடக்கவில்லை. "அப்புறம், நீ என்னப் பிடிச்சு இழுக்கவும் இல்ல. நீ பாட்டுக்கு இருந்த. நானாத்தான் வந்தேன். இவ்வளவு வருஷமா அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துல நிக்க எனக்குத் தைரியம் வரல. என்னப் பத்தித்தான் சொல்றன்னு பட்டர் சம்சாரம் அப்பவே சொல்லிட்டாங்க."

"இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றார் கதைக்காரம்மா.

"கேட்டேன். சொன்னேன்."

அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் கதைக்காரம்மா கோயில் அலுவலகத்துக்குப் போனார். உட்காராமலேயே சொன்னார்: அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நான்தான் நேரத்தைச் சொல்லவில்லை. நிர்வாகி ஆச்சரியப்படவில்லை.

"அன்னைக்கே தெரியும்மா. ஆளும் வந்தாச்சு, மெஷினும் வந்தாச்சு, அதான் விட்டுட்டேன். என் தப்பும் இருக்கு."

"என்னோடத எடுத்துட்டு அவளோடதப் போடுங்க."

"எடுக்க வேணாம். பத்தாம் நம்பர்ல உங்களோடது இருக்கட்டும், பதினொண்ணுல அவங்களோடது. கேக்கறவங்க கேக்கட்டும்." கொஞ்சம் யோசித்து, "ஆனா நீங்கதான் அவங்ககிட்டச் சொல்லணும். நான் போன் பண்ணமாட்டேன்" என்றார்.

கதைக்காரம்மா பதினான்கு படிகளையும் ஏறினார். நான்கு மாதத்துக்குப் பிறகு ஏறுகிறார். அவள் யூனிபார்மை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை உன் கதையப் பதியறாங்க. எட்டு மணிக்கு."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "எட்டா?"

"எட்டு."

அவள் போனை எடுத்தாள். அண்ணியின் எதிரிலேயே நிர்வாகியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். "சார், ஞாயித்துக்கிழமை எத்தன மணிக்கு?" எட்டு என்று அவர் சொன்னதும் நன்றி சொல்லி வைத்தாள். கதைக்காரம்மா அந்த நேரம் முழுக்க நின்றுகொண்டிருந்தார். காது மடல்கள் சுட்டன. போய்விடலாம் என்றிருந்தது. போகவில்லை.

"நீங்களும் வாங்க" என்றாள் அவள். "நீங்க சொன்னதக் கேட்டுட்டேன் நான். என்னோடத நீங்க ஒரு தடவ கூட முழுசாக் கேட்டதில்ல. கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்னா எப்படிக் கேக்கும்?"

கம்பிக் கதவு அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதே அறை, அதே போர்வைகள். ஒலிப்பதிவுக்காரருக்குச் சளி போயிருந்தது. கதைக்காரம்மா மூலையில் ஒரு ஸ்டூலில், மடியில் தண்ணீர்க் குவளையோடு உட்கார்ந்தார். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

கன்றுக்குட்டி எங்கேயும் போகவில்லை. கோயிலுக்குள்ளேயேதான் ஒளிந்திருந்தது. தினமும் பெருமாளுக்குச் சாத்திய மாலையைத் தின்றுவிட்டு அவர் முதுகுக்குப் பின்னாலேயே படுத்துக்கொள்ளும். மாலை எங்கே என்று தாயார் கேட்பாள். எனக்கென்ன தெரியும் என்பார் பெருமாள். அன்றைக்கு அவர் புறப்பட்டதும், தன்னை விட்டுவிட்டுப் போகிறாரே என்று அது ஓடிவந்து மேல்துணியைக் கடித்து இழுத்தது. திரும்பிப் பார்த்தார். வாயோரத்தில் துளசி. 'அடப்பாவி, நீதானா?' என்று அதைத் தூக்கி ஆற்றங்கரைப் பக்கம் விட்டார். அது ஓடியது. ஆற்றங்கரைக்காரி கூப்பிடுவது நின்றது. ஆனாலும் பெருமாள் வெளியே வைத்த காலை உள்ளே எடுக்கவில்லை. இன்னொருத்தி கூப்பிட்டால் மறுபடியும் புறப்பட வேண்டுமே.

துளசி என்ற இடத்தில் ஒலிப்பதிவுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதிவு கெட்டு, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. என் கதைக்கு இந்த மனிதர் சிரிக்கவில்லையே என்று கதைக்காரம்மா நினைத்தார். பழைய எரிச்சல் அப்படியே இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை. கூடவே, கதை நன்றாக இருக்கிறது என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒரே வயிற்றுக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன.

முடிந்ததும் அவள் திரும்பினாள். "எப்படி அண்ணி?"

நன்றாயிருந்தது என்று சொன்னால் போதும். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். கதைக்காரம்மா குவளையை நீட்டினார்.

"தாயார் மாலையக் கேக்கற இடத்துல வேகமாப் போயிட்ட. 'எங்க மாலை'ன்னு அவ கேட்டதும் கொஞ்சம் நிறுத்து. அவரு யோசிக்கட்டும். அதுக்கப்புறம் 'எனக்கென்ன தெரியும்'."

அவள் தண்ணீர் குடித்தாள். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது உதட்டில் தெரிந்தது. ஒலிப்பதிவுக்காரர் கம்பிகளைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்.

"சார்," என்றாள் அவள், "அந்த இடத்த மட்டும் இன்னொரு தடவ எடுத்துக்கலாமா?"

அவர் கதைக்காரம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கம்பிகளை மறுபடி செருகினார்.